கரும்பலகையில் பின்சீட்டு அண்ணன் எழுதியது

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எல்லோர் கண்ணையும் கலங்க வைத்த லேத் பட்டறைக்காரர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, மருமகனே, இன்று கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் டயர்க்காரர்களே, பெயின்டர்களே, எலெக்ட்ரீஷியன்களே, எங்களை நம்பி வண்டியை விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போகும் வாடிக்கையாளப் பெருமக்களே! இந்தப் பட்டறையின் மேலாளர் என்ற முறையில் இந்த இரங்கல் கூட்டத்தில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நேற்று மாலைவரை வண்டிகள் நின்றன. தரையில் உள்ள எண்ணெய்க் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நல்ல உடுப்பில் வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நிற்கும் மேடைக்குக் கீழே, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளம் இருக்கிறது. கட்டைகளை அடுக்கி மூடியிருக்கிறோம். நான் அசைந்தால் எங்கோ ஒரு கட்டை கிறீச்சிடுகிறது. அண்ணன் இருந்திருந்தால் எந்தக் கட்டை, எந்த ஆணி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருப்பார்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் மனிதனே இல்லை.

அவர் எங்கள் தலைமை மெக்கானிக். இருபத்தாறு வருடம். நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட நாலு வயது மூத்தவர். மேலாளர் பதவி முதலில் அவரைத்தான் தேடிப் போனது. "மேசைக்குப் பின்னாடி உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும், தம்பிக்குக் குடுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். நான் இன்று உட்காரும் நாற்காலி அவர் வேண்டாமென்று தள்ளிவிட்ட நாற்காலி. அதில் இருந்துகொண்டுதான் அவருக்கு இதைச் செய்தேன்.

பின்சீட்டு அண்ணன் என்ற பெயர் எப்படி வந்தது? இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வண்டி நடுங்குகிறது, ஆடுகிறது, உறுமுகிறது என்று யாராவது வந்தால், மற்ற மெக்கானிக்குகள் நாங்கள் எல்லாம் சாவியைக் கேட்போம். அவர் கேட்க மாட்டார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், வண்டியை யார் பார்ப்பது என்பது அவர் வாதம். ஒருமுறை ஒருவர் வந்தார். நாலு பட்டறையில் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம், முகம் வாடிப்போயிருந்தது. அண்ணன் பின்சீட்டில் ஏறினார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, வண்டியை நிறுத்தச் சொன்னார். சீட்டுக்கு அடியில் கையைவிட்டு, கழன்று உருண்டுகொண்டிருந்த ஜாக்கியை எடுத்து அவர் மடியில் வைத்தார். "இந்தாங்க உங்க கியர்பாக்ஸ்" என்றார். அந்த மனிதர் இன்று இங்கே வந்திருக்கிறார். சிரிக்கிறார் பாருங்கள்.

ஆனால் எல்லா வண்டியிலும் ஜாக்கியா கிடைக்கும்? கைமாறி வந்த, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் வண்டிகள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. விசையைக் கொண்டுபோக முன்சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட், பின்சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட், கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் விசையை இரண்டு பக்கமும் பிரித்துவிடும் இன்னொரு பெட்டி. எது நடுங்கினாலும் உடம்பு முழுக்கத் தெரியும். போதாததற்கு முன்னால் வைத்திருந்தவர் என்னென்ன செய்தார் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அண்ணன் அவசரப்பட மாட்டார். முதலில் அறுபது, அறுபத்தைந்தில் ஓட்டச் சொல்வார். நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? ஸ்டியரிங் என்றால் முன்பக்கம் தேட வேண்டும், சீட் என்றால் பின்பக்கம். அடுத்து அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றச் சொல்வார். என்ஜின் சத்தம் மாறியும் நடுக்கம் மாறவில்லையா? என்ஜினை மறந்துவிடலாம். பிறகு நியூட்ரலில் போட்டு உருளவிடச் சொல்வார். பிறகு முன்சக்கர இழுவையைப் போட்டும் எடுத்தும் ஒருமுறை. கடைசியாக நடுக்கத்தை எண்ணுவார். சக்கரம் மெதுவாக ஆடும். அது ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்று சுற்றிவிடுவதால் ஷாஃப்டின் நடுக்கம் படபடவென்று இருக்கும். இதையெல்லாம் வண்டியின் தரையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார்.

அவர் தவறே செய்யாதவரா? அப்படி யாராவது சொன்னால் முதலில் அவரே சண்டைக்கு வருவார். அதோ, தண்ணீர் டிரம்முக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தக் கரும்பலகையைப் பாருங்கள். அது அவர் கொண்டுவந்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டிக்கு கிளட்ச் போய்விட்டது என்று சொல்லி, கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். கிளட்ச் நன்றாக இருந்தது. என்ஜினைத் தாங்கும் ரப்பர்தான் கிழிந்திருந்தது. மறுநாள் கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் கரும்பலகை வாங்கி வந்து மூன்று வரி எழுதினார். 'நான் சொன்னது: கிளட்ச். இருந்தது: என்ஜின் ரப்பர்.' மூன்றாவது வரியில் தன் பெயர். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து மாட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊர் சிரிக்கும் என்றேன். "சிரிக்கட்டும் தம்பி. அடுத்த வண்டியக் கழட்டுறதுக்கு முன்னாடி நாம ஒரு தடவ யோசிப்போம்ல" என்றார்.

அதற்கு ஒரு விதியும் வைத்தார். எழுதியதை வேறு யாரும் அழிக்கக் கூடாது. அடுத்துத் தவறு செய்கிறவன்தான் பழையதை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுத வேண்டும். பதினேழு வருடமாக அந்தப் பலகை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. இங்கே வேலை பார்த்த ஒவ்வொருவர் பெயரும் அதில் ஏறி இறங்கியிருக்கிறது. என் பெயர் மட்டும், நான் மேலாளர் ஆன பிறகு ஏறியதே இல்லை. என்னமோ நான் தவறே செய்யாதவன் மாதிரி!

போன வருடம் அண்ணனின் வலது கையில் நடுக்கம் வந்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. பிறகு திருகாணி மாட்டும்போது தெரிந்தது. வேறொருவராக இருந்தால் உடைந்து போயிருப்பார். அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து, காலுக்கு நடுவே தரையில் அரை டம்ளர் தண்ணீரை வைத்துக்கொள்வார். உள்ளங்கை சொன்னதைத் தண்ணீரின் வட்டங்களிலிருந்து தெரிந்துகொண்டார். கையைத்தான் நம்ப முடியவில்லை, தண்ணீரை நம்பலாம் என்பார். அந்த வருடத்தில் ஏறத்தாழ முப்பது வண்டி அப்படிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்த நாட்களில், ஒரு டீ வேளையில், எல்லோரும் சுற்றி நிற்க, நான் அவரைக் கேலி செய்தேன். "அண்ணே, நடுங்குறது வண்டியா, நீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கேட்ட அந்தக் கேள்வியை நீங்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வரிசையில் கால்நடை மருத்துவர் அம்மா அமர்ந்திருக்கிறார்கள். மலைப்பாதையில் பண்ணை பண்ணையாகப் போய் மாடு கன்றுகளைப் பார்க்கிறவர்கள். அதற்காகவே ஒரு பழைய ஃபோர்வீல் வண்டி வாங்கினார்கள். பத்து வருட வண்டி. விற்றவன் வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தான். அறுபதைத் தாண்டினால் நடுக்கம். ரிவர்ஸ் போட்டால் டங்கென்று ஒரு அடி. ஓடும்போது ஒரு ஊளைச் சத்தம்.

டாக்டரம்மா ஓட்ட, நான் முன்னால் உட்கார, அண்ணன் டம்ளரோடு பின்னால் உட்கார்ந்தார். வழக்கமான எல்லாச் சோதனையும் செய்தார். இறங்கியதும் சொன்னார். "பின் ஷாஃப்ட். கழட்டிப் பேலன்ஸ் பாக்கக் குடுங்க. கியர்பாக்ஸத் தொடாதீங்க." டங்கென்ற அடி பழைய வண்டியின் தேய்மானம், ஊளை டயரின் சத்தம், அவசரம் எதுவும் இல்லை என்றார்.

நான் விளக்கை எடுத்துக்கொண்டு, இதோ என் காலடியில் இருக்கும் இந்தப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். ஷாஃப்ட் நேராக இருந்தது. இணைப்புகளில் ஆட்டம் இல்லை. அதைச் சரியாக மாட்டுவதற்குப் போட்டிருக்கும் அடையாளக் கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தேன். அதில் கொஞ்சம் இரும்புத் தூள் மினுங்கியது. பத்து வருட வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் கியர்பாக்ஸை இறக்குங்கள் என்றேன்.

ஒரு ஷாஃப்ட் கழற்ற முக்கால் மணி நேரம்தானே, அதை முதலில் பார்த்துவிடலாமே என்றார் அண்ணன். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "இல்லண்ணே, உங்க கை இருக்குற நிலைமையில..." என்று நான் ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, டம்ளர் தண்ணீரைச் செடியில் ஊற்றிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் வேலை. கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டி இரண்டையும் இறக்கி, பிரித்து, பேரிங்குகளை மாற்றி ஏற்றினோம். டாக்டரம்மா ஒன்பது நாளும் வாடகை வண்டியில் அலைந்தார்கள். சனிக்கிழமை மாலை நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டில் அதே நடுக்கம். ஒரு பொட்டு மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறைக்கு விடுமுறை. நான் மட்டும் வந்தேன். பின் ஷாஃப்டைக் கழற்றினேன். நாற்பது நிமிடம் ஆனது. கத்தியால் கறுப்பு பெயின்டைச் சுரண்டினேன். ஒரு முனையில் இரண்டு பழைய வெல்டிங் புள்ளிகள் தெரிந்தன. ஷாஃப்ட் ஒருபக்கம் கனக்காமல் சுற்றுவதற்காக அங்கே ஒரு சின்ன இரும்புத் துண்டைப் பற்ற வைத்திருப்பார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. அது எப்போதோ தெறித்து விழுந்திருக்கிறது. விழுந்த தழும்பைப் பெயின்ட் மறைத்திருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்து அரை டம்ளர் தண்ணீரைப் பார்த்த மனிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பள்ளத்தில் இறங்கி விளக்கு பிடித்துப் பார்த்த நான் கண்டுபிடிக்கவில்லை.

ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விடுமுறை நாளில் எனக்காகப் பட்டறையைத் திறந்து பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது இந்த மேடையில்தான் அவருக்கே தெரிகிறது. மாட்டி ஓட்டிப் பார்த்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? சுரண்டிய இடத்தில் மறுபடியும் கறுப்பு பெயின்ட் அடித்தேன். விற்றவன் செய்த அதே வேலை!

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார்கள். அண்ணன் டம்ளரோடு பின்சீட்டில் ஏறினார். எண்பது வரை போனார்கள். தண்ணீரில் ஒரு வட்டம் இல்லை. இறங்கி வந்து என்னிடம் கேட்டார். "கியர்பாக்ஸ்தானா தம்பி?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான், பெரியோர்களே. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னதுதான் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் நாலு பேரை வேலை வாங்கிய மேலாளர் என்ற வீம்பு என் வாயில் அந்த வார்த்தையைத் திணித்தது.

அவர் நேராகப் பலகைக்குப் போனார். இருந்ததை அழித்தார். எழுதத் தொடங்கினார். சுண்ணக்கட்டி இரண்டு தடவை உடைந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். 'நான் சொன்னது: பின் ஷாஃப்ட். இருந்தது: கியர்பாக்ஸ்.' கீழே பெயர். நான் என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் வந்தார். "நல்லவேளை, நீ என் பேச்சக் கேக்கல தம்பி. கேட்டிருந்தா டாக்டரம்மா மலையில நடுவழியில நின்னுருப்பாங்க. இனிமே நான் வண்டி பாக்கல. ஸ்டோர்ல உக்காந்துக்கிறேன்."

எனக்கு நன்றி சொன்னார் ஐயா! பொய் சொன்னவனுக்கு நன்றி!

அதன் பிறகு இருபத்து மூன்று நாள் அவர் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நான் அந்த ஜன்னலைக் கடந்து போவேன். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பக்கத்தில் யாராவது நிற்பார்கள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிய மனிதர், வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு நாளைகள் தீர்ந்துபோயின.

அவர் போன பிறகு இந்தப் பட்டறையில் ஒன்று நடந்தது. போன வாரம் ஒரு வண்டிக்கு வீல் பேரிங் என்று சொல்லிக் கழற்றினார்கள். சத்தம் வந்தது டயரிலிருந்து. அதற்கு முன்னால் இன்னொரு வண்டியிலும் தவறு நேர்ந்தது. இரண்டுமே பலகையில் ஏறவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அண்ணன் எழுத்த எப்படி அழிக்கிறது சார்?" என்றார்கள். பதினேழு வருடம் ஓடிய பழக்கம் நின்றுவிட்டது. அதை நிறுத்தியது அவருடைய சாவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். நிறுத்தியது என் பொய்.

நேற்று அண்ணியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக ஒன்று சொன்னார்கள். இங்கே சொல்ல எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமை மாலை இரண்டு பேரும் மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போயிருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று அண்ணியிடம் கேட்டிருக்கிறார். "ஏம்மா, இப்ப நடுங்குறது பஸ்ஸா, நானா?"

நான் டீ வேளையில் வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி! வாழ்நாள் முழுக்க எது நடுங்குகிறது என்று ஊருக்கே சொன்ன மனிதரை, தன் மனைவியிடம் அதைக் கேட்கும்படி வைத்துவிட்டேன். அண்ணி, உங்கள் முன்னால் நிற்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மன்னித்தேன் என்று அண்ணி சொல்லவில்லை. அவர்கள் சொன்னது இது. "என்கிட்ட சொன்னா ஆச்சா? அவர் எல்லாரும் பாக்கத்தான எழுதினாரு. நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் அத அழிச்சிருங்க. அவர் கையெழுத்து எங்க வீட்டுல நிறைய இருக்கு."

டாக்டரம்மா அவர்களுக்கு நான் செய்ய வேண்டியதைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன். அது இந்த மேடைக்கு உரியதல்ல. இன்று அண்ணியை வீட்டிலிருந்து அழைத்து வந்தது டாக்டரம்மாவின் அந்த வண்டிதான். அண்ணி பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

தோழர்களே, இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் உறுதிமொழி எடுப்பார்கள். சிலை வைப்போம், பெயர் சூட்டுவோம் என்பார்கள். என்னுடைய உறுதி சின்னது. இனி இந்தப் பட்டறையில் யாருடைய கையைப் பார்த்தும் அவர் சொல்வதை எடைபோட மாட்டேன். முக்கால் மணி நேர வேலையைப் பார்த்து முடிக்காமல் ஒன்பது நாள் வேலையைத் தொட விடமாட்டேன். அந்தப் பலகை இனி ஓடும். அதை ஓட வைக்க, அவர் வைத்த விதிப்படி, அடுத்துத் தவறு செய்தவன் போய் அழிக்க வேண்டும். அந்த ஆள் நான்தான்.

இதோ இறங்கிப் போகிறேன். அவர் கையால் கடைசியாக எழுதியதை என் கையால் அழிக்கப் போகிறேன். அழித்துவிட்டு, 'நான் சொன்னது: கியர்பாக்ஸ். இருந்தது: பின் ஷாஃப்ட்' என்று எழுதி, என் பெயரைப் போடுவேன். அதற்குக் கீழே, இத்தனை வருடத்தில் அந்தப் பலகையில் இல்லாத நாலாவது வரி ஒன்றும் எழுதுவேன். 'சரியாகச் சொன்னவர்: பின்சீட்டு அண்ணன்.' அடுத்து யார் தவறு செய்தாலும் தயங்காமல் என் எழுத்தை அழியுங்கள். அந்த நாலாவது வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இருபத்து மூன்று நாள் அந்த ஜன்னலில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை, அவர் படத்தைப் பார்த்து இப்போது சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அண்ணே, நடுங்குனது வண்டிதான். நீங்க இல்ல.